குதிகாலுக்கு அடியில் ஏலக்காய்

நான் வேலை பார்த்த ஆசுபத்திரியில் இப்போது நர்சுகளுக்குத் தற்காப்பு வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்களாம். டூட்டி முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாய் விரித்து, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சொல்லிக்கொடுக்கிறாராம். போன வாரம் அங்கிருந்து இரண்டு ஸ்டாஃப் நர்சுகள் போடியில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டாள்.

"அமலா சிஸ்டர், நீங்க வேலையில இருக்கும்போதே குங்ஃபூ கத்துக்கிட்டீகளாம்ல. அதக் கத்துக்கிட்டா பயம் போயிருமா?"

"மொதல்ல காபியக் குடி. ஆறிப்போச்சு" என்றேன்.

கேள்வியைத் தள்ளிவிடுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். இரண்டுக்கும் நடுவில் உள்ளதைச் சொல்ல ஒரு தம்ளர் காபி நேரம் போதாது. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் பறந்து பறந்து அடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம். இத்தனை வருடம் பழகியும் இன்றைக்கும் நான் மஞ்சள் பெல்ட்தான். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் பச்சை, நீலம், பழுப்பு என்று போய்விட்டார்கள். மாஸ்டர் இப்போது மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வகுப்பு எடுக்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே என்னை ஃபெயில் ஆக்குகிறார். அதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறது.

என் முழுப் பெயர் அமலோற்பவம். ஊர் ராயப்பன்பட்டி. எங்கள் தெருவில் பெண்பிள்ளை படித்தால் ஒன்று டீச்சர், இல்லையென்றால் நர்சு. எனக்குக் கணக்கு வராது, அதனால் நர்சு. மதுரையில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன், ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன், பிறகு விழுவதை நிறுத்தினேன். அப்புறம் மலையடிவாரத்து ஊர்கள் சிலவற்றில் வேலை, கல்யாணம், போடியில் குடித்தனம். கடைசியில் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு அரசு ஆசுபத்திரியின் கேஷுவாலிட்டி. அங்கே போன பிறகுதான் நான் எதற்காகப் படித்தேன் என்று எனக்கே தெரிந்தது. பாம்புக்கடி, மருந்து குடித்தவர், பைக்கில் விழுந்தவர், மரத்திலிருந்து விழுந்தவர் என்று எந்த நேரம் யார் வருவார்கள் என்று தெரியாது. வந்தால் கை தானாக வேலை செய்யும். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்ட் ராஜம்மாள் மேடம். கனத்த உடம்பு, காலில் சத்தம் வராத ரப்பர் செருப்பு. பேச்சிலும் சத்தம் வராது. காலையில் வந்ததும் அவசர மருந்துத் தட்டைத் திறப்பார். ஒவ்வொரு கண்ணாடி ஆம்பூலையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லேபிளை வாய்க்குள் படித்து, இருந்த இடத்திலேயே இருந்த திசையிலேயே வைப்பார். பெயர் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு ஆம்பூல் முதுகைக் காட்டி நின்றால், "இது யாருகூடக் கோவிச்சுக்கிட்டு நிக்கிது?" என்று கேட்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் எல்லா ஆம்பூலும் நேராக நிற்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. யார் எந்தப் புகாரோடு ஓடினாலும், அழுதுகொண்டு போனாலும், "மொதல்ல கையக் கழுவிட்டு வா" என்பார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை சோப்புப் போட்டு, காற்றில் உலர்த்திக்கொண்டு போய் நிற்க வேண்டும். பாதிப் புகார் குழாயடியிலேயே கரைந்துவிடும். மீதி இருப்பதை மட்டும் அவர் கேட்பார்.

ஒரு நாள் நானும் அப்படிப் போய் நின்றேன். பைக் விபத்தில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன பிறகும் அவனுடைய அண்ணன் என்னிடம் வந்து, "ஊசி போடுங்க சிஸ்டர், ஏன் சும்மா நிக்கிறீக" என்றான். "இல்லப்பா, முடிஞ்சிருச்சு" என்றேன். ஓங்கி ஒரு அறை. காதோடு விழுந்தது. டிரெஸ்ஸிங் டிராலியோடு சேர்ந்து நானும் விழுந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். துக்கத்தில் செய்தான், கோபமில்லை என்று எழுதினால் பெருந்தன்மையாக இருக்கும். எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

காது சரியாகிவிட்டது. கால்தான் சரியாகவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளை கொஞ்சம் வேகமாகக் கிட்டே வந்தாலும், என் கால் என்னைக் கேட்காமல் பின்னால் போனது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. பேதியில் வாடிப்போன ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி ஊசியை ஏற்றிவிட்டேன். பிள்ளையின் அப்பா என்ன ஆச்சோ என்று குனிந்தார், பாவம். நான் ஒரு எட்டு பின்னால் போனேன். ஊசி வெளியே வந்துவிட்டது. மறுபடி நரம்பு கிடைப்பதற்குள் அந்தத் தாய் பட்ட பாட்டைப் பார்த்து எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

ராஜம்மாள் மேடம் கூப்பிட்டுவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

"தடுப்பூசி ரூமுக்கு மாத்திரவா அமலா? தாயும் பிள்ளையும்தான் வருவாக. ஒதுக்கமா இருக்கும்."

"வேணாம் மேடம். நான் கேஷுவாலிட்டியிலயே இருக்கேன்."

"நீ இருப்ப. உன் காலு இருக்கணும்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தடுப்பூசி அறை ஒன்றும் கேவலமான இடமில்லை. ஆனால் அந்த அறைக்குப் போனால், காதில் அடி விழுந்த நாளோடு என் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அதை அவரிடம் சொன்னேன்.

"சரி. ஆறு மாசத்துல டூட்டி மாத்துவோம்ல, அதுவரைக்கும் பாப்போம்" என்றார். "அதுக்குள்ள காலு நின்னா நில்லு. நிக்கலைன்னா நான் சொல்ற இடத்துக்குப் போயிரணும். நோயாளி முன்னாடி நாம பின்வாங்கக் கூடாது, என்ன?"

அந்தச் சமயத்தில்தான் ஜெபராஜ் மாஸ்டர் உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். போடியில் ஏலக்காய் வியாபாரம். சாக்கு தைக்கிற ஊசி கையில் ஏறிவிட்டது. பக்கத்து ஊருக்குச் சரக்குப் பார்க்க வந்த இடத்தில் நடந்ததால் எங்கள் ஆசுபத்திரிக்கு வந்திருக்கிறார். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, உடம்பெல்லாம் ஏலக்காய் மணம். நான் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"வலிக்குமான்னுதான? வலிக்கும்."

"அது இல்ல. நானும் வந்ததுல இருந்து பாக்குறேன். உங்க குதிகால் தரையில படவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. "உங்க கையிலதான் ஓட்டை விழுந்திருக்கு. அதப் பாருங்க. என் காலை எதுக்குப் பாக்குறீக?"

அவர் கோபப்படவில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்குக் கிட்டங்கியின் மொட்டைமாடியில் காலையில் குங்ஃபூ வகுப்பு நடத்துவதாகச் சொன்னார். வாலிபத்தில் வியாபாரத்துக்காகக் கல்கத்தாவில் தங்கியிருந்தபோது, தோல் பட்டறை வைத்திருந்த ஒரு சீனக்காரரிடம் கற்றாராம். "அடிக்கிறதெல்லாம் பெறகு. மொதல்ல நிக்கத்தான் சொல்லிக் குடுப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று என் குதிகாலைப் பார்த்தேன். தரையில்தான் இருந்தது. பொய் சொல்லியிருக்கிறார் மனுஷன் என்று நினைத்த அதே நேரம், என் வீட்டுக்காரர் பின்னால் வந்து "காபி" என்றார். இரண்டு குதிகாலும் எழும்பின. ஆத்தாடி! கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. இருபது வருடம் அடுத்தவர் உடம்பைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் என் உடம்பு ஒரு வேலை செய்கிறது என்றால் அதைப் பார்க்காமல் விடுவதா? அடுத்த வாரமே மாடி ஏறினேன்.

"நாப்பத்தஞ்சு வயசுல எதுக்குடி உனக்கு இந்தச் சீனத்துச் சிலம்பம்?" என்றார் வீட்டுக்காரர்.

"இடுப்பு வலிக்கு" என்றேன். அதுவும் பொய்யில்லை. கட்டிலுக்குக் கட்டில் குனிந்து குனிந்து இடுப்பு போயிருந்தது. அந்த வலி நின்றது உண்மையிலேயே அங்கேதான்.

மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், இரண்டு கடைக்காரர்கள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் பேச்சியம்மா, இன்னும் சிலர். சேர்ந்த முதல் நாள் வணக்கம் வைக்கச் சொல்லித்தந்தார். வலது கையை மடக்கி முஷ்டி, அதை இடது உள்ளங்கையால் மூட வேண்டும். "எதுக்கு மூடணும்?" என்று கேட்டேன். "முஷ்டி இருக்குன்னும் காட்டுறோம், இப்ப அடிக்கலைன்னும் காட்டுறோம்" என்றார். "அப்ப ஏன் வலது கை?" "ஏன் கால் அகலம் இவ்வளவு?" "முட்டி பாதத்தைத் தாண்டினா என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கும்பிட்டார். "சிஸ்டர், கேள்வியக் கொறைங்க, முட்டிய மடக்குங்க."

குதிரை நிலை என்று பெயர். தோளைவிட அகலமாகக் காலை வைத்து, பாதம் முன்னால் பார்க்க, குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் இடுப்பை இறக்கி நிற்க வேண்டும். நின்று பாருங்கள், தொடை கதறும். எனக்கு மட்டும் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். கழிவில் போன வெடித்த ஏலக்காய் இரண்டைக் கொண்டுவந்து என் இரண்டு குதிகாலுக்கும் அடியில் வைத்தார். அப்புறம் பேச்சியம்மாளை என் முகத்துக்கு நேராகக் கையை ஓங்கிக்கொண்டு வரச் சொன்னார். அடிக்க மாட்டாள், சும்மா வருவாள். அது எனக்கும் தெரியும். ஆனால் குதிகாலுக்குத் தெரியவில்லை. வகுப்பு முடிந்து பார்த்தால் ஏலக்காய் இரண்டும் அப்படியே இருந்தன.

"மணம் வரலையே சிஸ்டர்" என்றார் மாஸ்டர். தினம் இதே பேச்சு. "இன்னைக்கும் மணம் வரல."

அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேச்சியம்மா "ஏய்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தாள். நான் நின்றேன். காலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. அப்புறம் மெல்ல, காபிக்கடையில் ஏலக்காயைத் தட்டிப்போட்ட மாதிரி ஒரு மணம் மேலே வந்தது. "வந்திருச்சுடி!" என்று பேச்சியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். பிள்ளை பெற்றபோதுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஆனால் மாடியில் நிற்பது வேறு, கேஷுவாலிட்டியில் நிற்பது வேறு. அங்கே கால் இன்னும் பாதி நாள் பின்னால்தான் போனது. டூட்டி மாற்றும் நேரம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் மஞ்சள் பெல்ட் வாங்கிவிட்டேன். அடுத்து பச்சை பெல்ட்டுக்கு டெஸ்ட் வந்தது. ஒட்டுக்கை என்று ஒரு பயிற்சி உண்டு, பெயர் மாஸ்டரே வைத்தது. இருவரும் முன்கையை முன்கையோடு ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். எதிராளியின் கை எங்கே போகப்போகிறது என்பதைத் தோலிலேயே உணர்ந்து கூடவே போக வேண்டும். தள்ளக் கூடாது, விலகவும் கூடாது. அதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. இருட்டில் நரம்பைத் தொட்டுத் தேடிப் பழகின விரல்கள் இவை. மாஸ்டரே ஒரு நாள், "கல்கத்தாவுல எங்க வாத்தியாருக்கு அப்புறம் இப்பிடி ஒரு கைய இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

மாட்டிக்கொண்டது மணிக்கட்டு விடுவிப்பில். ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடித்தால் இழுக்கக் கூடாது. எந்தப் பிடிக்கும் வாசல் கட்டைவிரல் பக்கம். குதிகாலை இறக்கி, கையைக் கட்டைவிரல் பக்கம் திருப்பி, முழங்கையை முன்னால் தள்ளினால் எப்பேர்ப்பட்ட பிடியும் கழன்றுவிடும். அதே நேரம் சும்மா இருக்கும் இன்னொரு கை முகத்துக்கு முன்னால் வந்து காவல் நிற்க வேண்டும். ஏன் கழல்கிறது என்று எலும்பு எலும்பாக எனக்கு விளங்கியது. பிரச்சினை அந்தக் காவல் கையில்தான். பேச்சியம்மா என் வலது மணிக்கட்டைப் பிடித்த உடனே, என் இடது கை முகத்துக்கு வராமல் நேராகப் போய் அவளுடைய மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து உட்கார்ந்துகொண்டது.

"சிஸ்டர், அடிக்க வந்தவளுக்கு நாடி பாக்குறீகளா?" என்றார் மாஸ்டர்.

மாடியே சிரித்தது. மறுபடி செய்தோம். மறுபடியும் நாடி. இந்த முறை நான் வேண்டுமென்றே கவனமாக இருந்தும் கை கேட்கவில்லை. தோல் தட்டுப்பட்டதும் விரல் தானாக இடம் தேடுகிறது. போதாததற்கு, "உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும்போலயே பேச்சி" என்று வாய் வேறு சொல்லிவிட்டது.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "உங்க முன்னாடி நிக்கிறது எதிராளி. நோயாளி இல்ல. முகத்தக் காக்க வேண்டிய கை அடுத்தவன் நாடிக்குப் போனா, அவன் கத்திய எடுத்து வயித்துல சொருகிட்டுப் போயிருவான்" என்றார். ஃபெயில். அடுத்த டெஸ்டிலும் ஃபெயில். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, எனக்கு அது ஆசுபத்திரிப் பழக்கம்.

அப்புறம் அந்த மதியம் வந்தது.

மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஓடைப்பட்டிப் பக்கமிருந்து ஒரு மினி லாரியில் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். திராட்சைத் தோட்டக்காரர், நல்ல வாட்டசாட்டம். மச்சினன்மார் மூன்று பேர் பிடித்தும் அடங்கவில்லை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. வாய்க்கு வந்ததைக் கத்தினார், பாதி புரியவில்லை. கையில் கிடைத்த சலைன் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார். பக்கத்தில் வந்தால் கள்ளுக்கடை நாற்றம்.

"தண்ணியப் போட்டுட்டான் சிஸ்டர்" என்றார் பெரிய மச்சினன், தலையில் அடித்துக்கொண்டு. "ஒருநாளும் குடிக்காதவன். மழையில பழம்பூராம் வெடிச்சுப்போச்சு. அந்த வெசனத்துல குடிச்சிருக்கான்."

டாக்டர் அடுத்த கட்டிலில் இருந்தார். கரும்பு டிராக்டரில் கால் மாட்டின ஒருவருக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்க முடியாது. "சிஸ்டர், அவரைக் கொஞ்சம் அமர்த்துங்க, இந்தா வந்துர்றேன்" என்று அங்கிருந்தே சொன்னார். வாட்ச்மேன் கம்போடு வந்துவிட்டார்.

"கட்டிப்போட்டு ரெண்டு வச்சாத்தான் சரிவரும். அடியாத மாடு படியாது சிஸ்டர்."

"கம்பைக் கீழ போடுய்யா" என்றேன். சொல்லிவிட்டு ஒரு எட்டு முன்னால் போனேன். முன்னால் போனது நான்தான், இதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் காது பழைய இடத்தில் விண்ணென்று தெறித்தது. அந்த ஆள் பாய்ந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

இரும்புப் பிடி. ராஜம்மாள் மேடம் வாசலில் வந்து நிற்பது கடைக்கண்ணில் தெரிந்தது. என் கால் இப்போது போகும், நாளைக்குத் தடுப்பூசி அறை என்றுதான் நினைத்தேன். பழக்கத்தில் குதிகாலை இறக்கினேன். ஏலக்காய் மணமெல்லாம் ஒன்றும் வரவில்லை, டெட்டால்தான் நாறியது. ஆனால் குதிகால் இறங்கியது. இறங்கி நின்றது.

அடுத்து கையைத் திருப்ப வேண்டும். இடது கை முகத்துக்கு வர வேண்டும். வந்ததா? அது அதன் பாட்டுக்குப் போய் அவருடைய மணிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது.

தோல் ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில், அத்தனை பேரோடு மல்லுக்கட்டுகிற மனிதனுடைய கை சூடாக இருக்க வேண்டும். இது பச்சைத்தண்ணியில் ஊறின மாதிரி குளிர்ந்து, வேர்வை வழிந்து, உள்ளுக்குள் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. நாடி எண்ண முடியாத ஓட்டம். குடித்தவர் கையை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. குனிந்து மூச்சை மோந்தேன். வாயில் நாற்றமில்லை. நாற்றம் சட்டையில். மழையில் வெடித்துப் புளித்த திராட்சையை அள்ளிக் கொட்டியிருக்கிறார், அந்தச் சாறு சட்டையெல்லாம் ஊறிப்போயிருக்கிறது.

சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்துக் கத்தினேன். "ஆத்தா, இவருக்குச் சக்கரை உண்டா? மாத்திரை சாப்புடுறாரா?"

"ஆமா சிஸ்டர். காலையில மாத்திரையப் போட்டுட்டு, லாரி வருதுன்னு கஞ்சி குடிக்காம ஓடிட்டாக. மதியமும் சாப்புடல."

"டாக்டர், லோ சுகர்!" என்றேன். ரத்தத்தில் சர்க்கரை அதிகம் இறங்கினாலும் மனிதன் குடித்தவன்போல்தான் நடந்துகொள்வான். கூட இருந்த நர்சு ஓடிவந்து விரல் நுனியில் குத்தி மெஷினில் வைத்தாள். நம்பர்கூட வரவில்லை, லோ என்றுதான் காட்டியது. டாக்டர் உடனே, ரத்தம் கொஞ்சம் மட்டுப்பட்டிருந்த அந்தக் காலை அட்டெண்டரை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கிளவுசை மாற்றிக்கொண்டு ஓடிவந்தார். நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். கை ஒரு இடத்தில் நின்றால்தானே ஏற்ற முடியும்?

நான் விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் பிடி என் வலது மணிக்கட்டில் இருந்தது. என் இடது கை அவர் முன்கையோடு ஒட்டியிருந்தது. அவர் இழுத்தால் கூடவே போனேன், தள்ளினால் கூடவே வந்தேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக. எதிர்த்து ஒருவரும் இழுக்கவில்லை என்றதும் அந்தக் கைக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. ஒரு கணம் நின்றது. டாக்டர் அந்தக் கணத்தில் ஊசியை ஏற்றிவிட்டார். நல்ல கை அவருக்கு, முதல் குத்திலேயே.

மருந்து உள்ளே போகப் போக முகம் மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. கண்ணில் மனிதர் வந்தார். மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், என் கையைத் தான் பிடித்திருப்பதைப் பார்த்தார். நெருப்பைத் தொட்டவர்போல் விட்டார்.

"என்ன சிஸ்டர் இது, உங்க கையப் போயி..." என்று கூசிப்போனார். அடுத்து, "லாரி போயிருச்சா?" என்றார்.

அவர் மனைவி அழுகையோடு சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவரை வீட்டுக்கு விடவில்லை. அந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையை இறக்கிவிடும் என்று டாக்டர் படுக்கவைத்துவிட்டார். வாட்ச்மேன் கம்பை எங்கே வைத்தாரோ, அதற்கப்புறம் அதை நான் பார்க்கவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு கீழே கிடந்த சலைன் ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தேன். ராஜம்மாள் மேடம் என் மணிக்கட்டில் பதிந்திருந்த விரல் தடத்தைப் பார்த்தார்.

"கையக் கழுவு" என்றார்.

கழுவினேன். கூடவே குழாயடிக்கு வந்து நின்றார். அப்படி அவர் வந்ததே இல்லை.

"பயமா இருந்துச்சா?"

"உசுரே போயிருச்சு மேடம்."

"ம். காலு அங்கனயேதான் இருந்துச்சு. நான் பாத்தேன்." செருப்புச் சத்தமில்லாமல் இரண்டு எட்டு போனவர் திரும்பினார். "நாளைக்கும் இங்கனதான் உனக்கு டூட்டி."

தடுப்பூசி அறையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவேயில்லை. நான் ரிட்டயர் ஆனது கேஷுவாலிட்டியிலிருந்துதான்.

மறுநாள் மாடியில் பெருமை பிடிபடாமல் இதை மாஸ்டரிடம் சொன்னேன். பச்சை பெல்ட்டைக் கையோடு கட்டிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இடது கை எங்க போச்சு?" என்றார்.

"நாடிக்கு."

"அந்தாளு கையில கத்தி இருந்திருந்தா?"

"இல்லையே மாஸ்டர்."

"இருந்திருந்தா?"

நான் என் இடது கையைப் பார்த்தேன். "அந்தாளு பொழச்சது கடவுள் செயல். ஆனா டெஸ்ட்ல தப்பு தப்புதான்" என்றார். பேச்சியம்மா, "இவரு ஒரு கல்லு" என்று என் காதில் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் மாஸ்டர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

இனிக் கடைசியாக நடந்தது. நான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு காலை. அன்றைக்குப் பேச்சியம்மா வரத் தாமதம், மாஸ்டரே என்னோடு ஒட்டுக்கைக்கு நின்றார். கண்ணை மூடினோம். கை சுற்றி வரும்போது அவர் மணிக்கட்டு என் விரலுக்கு அடியில் வந்தது. விரல் உட்கார்ந்துகொண்டது.

நாடி ஒரு ஒழுங்கில் இல்லை. தடதடவென்று ஓடியது, நின்றது, ஒன்று விட்டுப்போய் மறுபடி ஓடியது. கண்ணைத் திறந்தேன். உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தார்.

"மாஸ்டர், மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறி வந்தேன்ல."

"தெனமும் ஏறுற மாடிதான?"

"கொஞ்ச நாளா படபடங்குது. ஒண்ணுமில்ல, வெயில். கைய விடுங்க சிஸ்டர், ஏலத்துக்கு நேரமாச்சு."

நான் விடவில்லை. மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தேன். "இப்பவே ஆசுபத்திரிக்குப் போறோம்."

"ஆசுபத்திரி வேணாம்." குரல் மாறிப்போயிருந்தது. "எங்க அப்பாவும் படபடங்குதுன்னுதான் போனாக. நடந்துதான் போனாக. திரும்ப வரல. விடுங்க சிஸ்டர்."

அந்த மனிதர் பயப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கும் பயமாக இருந்தது. அந்த நாடியோடு அவர் ஏலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"விட மாட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான? கட்டைவிரல் பக்கம் திருப்பி முழங்கைய முன்னால தள்ளுங்க. விடுவிச்சுக்கிட்டுப் போங்க, பாப்போம்."

படிக்கட்டில் பேச்சியம்மா வேன் சாவியோடு வந்து நின்றாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். எங்கள் அத்தனை பேருடைய காலையும் பார்த்துப் பார்த்துத் திருத்தின மனிதருக்கு, இரண்டு குதிகாலும் தரையைவிட்டு எழும்பியிருந்தன.

"மாஸ்டர், குதிகால்" என்றேன்.

அவரும் குனிந்து பார்த்தார். பிறகு ஒன்று, அப்புறம் இன்னொன்று, இரண்டும் மெல்ல இறங்கின.

என் பிடி ஒரு பிடியே இல்லை. ரிட்டயர் ஆன நர்சின் மூன்று விரல். அவர் நினைத்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. கையை என்னிடமே விட்டுவிட்டு, பேச்சியம்மாளைப் பார்த்து, "வண்டிய எடு" என்றார். அப்புறம் என்னிடம், "படி செங்குத்து சிஸ்டர், பாத்து எறங்குங்க" என்றார்.